சோதனை என்னும் சொல்: ஒரு மன்றாட்டின் வரலாறு

நிகழப்போவதைக் கடவுள் முன்னரே அறிந்திருக்கிறார் என்றால், மனிதன் தான் செய்யும் தவற்றுக்கு எவ்வாறு பொறுப்பாவான்? கிறித்தவ சமய வரலாற்றில் இவ்வினா எழாத நூற்றாண்டு இல்லை எனலாம். இதனோடு இணைந்து மற்றொரு வினாவும் எழுந்தது. மனிதனைத் தீமையின்பால் ஈர்க்கும் சோதனை எங்கிருந்து வருகிறது? அது கடவுளிடமிருந்து வருகிறதென்றால் அவர் நல்லவர் என்பது எங்ஙனம் பொருந்தும்? அவரையும் மீறி வருகிறதென்றால் அவர் எல்லாம் வல்லவர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வினாக்களைத் தத்துவ நூல்களின் வழி மட்டும் ஆராய்தல் மரபு. இக்கட்டுரை வேறொரு வழியை மேற்கொள்கிறது. இயேசு தம் சீடர்களுக்குக் கற்பித்த மன்றாட்டில் சோதனையைப் பற்றிய வேண்டுதல் ஒன்று உள்ளது. அவ்வேண்டுதலில் அமைந்த ஒரு பெயர்ச்சொல்லையும் ஒரு வினைச்சொல்லையும் அறிஞர்கள் எவ்வாறு விளக்கினர், எவ்வாறு மொழிபெயர்த்தனர் என்பதைத் தொடர்ந்து நோக்கினால், இந்நெடிய வழக்கின் மையம் எது என்பது விளங்கும். அம்மையம் கடவுளின் முன்னறிவு அன்று. வீழக்கூடிய மனிதனுக்கு அவர் தரும் துணையே என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஒரு சொல், இரு பொருள்

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் சோதனையைக் குறிக்க வரும் சொல் 'பெய்ராஸ்மோஸ்' என்பதாகும். ஒருவருடைய உறுதியை ஆய்ந்து பார்த்தல் என்பதும், ஒருவரைத் தீமைக்குத் தூண்டுதல் என்பதும் ஆகிய இரு பொருளும் அதற்குண்டு. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் ஆபிரகாமைக் கடவுள் சோதித்தார் என்னுமிடத்தில் வரும் வினைச்சொல்லே, பாலைநிலத்தில் அலகை இயேசுவைச் சோதித்தது என்று மத்தேயு நற்செய்தி கூறுமிடத்திலும் வருகிறது. முன்னதில் ஆய்வு, பின்னதில் தூண்டல். சொல்லின் வேர் ஒன்றே.

யாக்கோபு எழுதிய திருமுகத்தின் முதல் அதிகாரம் இவ்விரட்டைத் தன்மையை நன்கு காட்டுகிறது. பலவகைச் சோதனைகள் வரும்போது மகிழுங்கள், அவை உறுதியை விளைவிக்கும் என்று அது தொடங்குகிறது. சில வரிகள் கடந்தவுடன், சோதிக்கப்படும் எவரும் அதனைக் கடவுள்மீது சுமத்தலாகாது, கடவுள் எவரையும் சோதிப்பதில்லை, அவரவர் ஆசையே அவரவரை ஈர்த்துச் செல்கிறது என்கிறது. கிரேக்க மூலத்தில் ஈரிடத்தும் ஒரே வேர்ச்சொல் வருவதால், பொருளை இடம் நோக்கியே உணர வேண்டியுள்ளது.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இதற்குத் தேர்ந்த சொல் 'சோதனை'. தூய்மையாக்குதலைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்த இச்சொல், தமிழில் ஆய்வு, தேர்வு, துன்பம் ஆகிய பொருள்களைப் பெற்றது. இன்றும் வகுப்பறையில் ஆசிரியர் வைப்பது சோதனை. வாழ்க்கையில் அடுத்தடுத்து வரும் இடரும் சோதனை. ஆனால் தீமைக்குத் தூண்டுதல் என்னும் பொருள் இச்சொல்லுக்குப் பெரும்பாலும் கிறித்தவ வழக்கின் வாயிலாகவே அழுத்தம் பெற்றது. எனவே ஆபிரகாமைக் கடவுள் சோதித்தார் என்றும், கடவுள் எவரையும் சோதிப்பதில்லை என்றும் ஒரே நூலில் படிக்கும் தமிழ் மாணவர் திகைப்பது இயல்பே. அத்திகைப்பு மொழிபெயர்ப்பின் குறையன்று. மூலத்திலுள்ள இடர்ப்பாடு தமிழிலும் அவ்வாறே வந்து நிற்கிறது.

பேதுருவின் இரவு

முன்னறிவு, சோதனை, விருப்புரிமை ஆகிய மூன்றும் ஒரே இரவில் ஒன்றுகூடும் நிகழ்ச்சி ஒன்று நற்செய்தி நூல்களில் உள்ளது. சேவல் கூவுமுன் நீ என்னை மும்முறை மறுதலிப்பாய் என்று இயேசு பேதுருவிடம் கூறுகிறார். பேதுரு அதனை உறுதியாக மறுக்கிறார். பின்னர் கெத்சமனித் தோட்டத்தில், சோதனைக்கு உட்படாதவாறு விழித்திருந்து மன்றாடுங்கள் என்று சீடர்களை இயேசு எச்சரிக்கிறார். சீடர்கள் உறங்கிவிடுகின்றனர். தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு மும்முறை மறுதலிக்கிறார், சேவல் கூவுகிறது, அவர் வெளியே சென்று மனங்கசந்து அழுகிறார்.

நிகழப்போவது முன்னரே கூறப்பட்டுவிட்டது. பின் எச்சரிக்கை எதற்கு? எச்சரிக்கை உண்மையானது என்றால் பேதுரு வீழாதிருந்திருக்கவும் கூடும். அப்படியானால் முன்கூறியது பொய்யாகியிருக்கும் அல்லவா? இவ்வினா வெறும் தருக்க விளையாட்டன்று. பேதுருவின் கண்ணீர் பொருளுடையதா என்பதே இங்குக் கேள்வி. மறுதலிப்பது அவருக்கு விதிக்கப்பட்டது என்றால், அவர் அழுவதற்குக் காரணம் இல்லை.

லூக்கா நற்செய்தி மேலும் ஒரு செய்தியைத் தருகிறது. உன் நம்பிக்கை தவறிவிடாதிருக்க உனக்காக மன்றாடினேன், நீ மனந்திரும்பியபின் உன் சகோதரர்களை உறுதிப்படுத்து என்று இயேசு பேதுருவிடம் கூறியதாக அது குறிக்கிறது. ஆக, முன்கூறப்பட்டது வீழ்ச்சி மட்டுமன்று, எழுச்சியும் முன்கூறப்பட்டது. அவ்விரண்டிற்கும் இடையில் நிற்பது ஒரு மன்றாட்டு. பிற்காலத்து அறிஞர் பலர் இவ்விடத்திற்குத் திரும்பத் திரும்ப வந்ததில் வியப்பில்லை.

தொடக்ககாலத் திருச்சபையின் விளக்கங்கள்

அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஒரிஜென் மூன்றாம் நூற்றாண்டில் இச்சிக்கலை விரிவாக ஆராய்ந்தார். நட்சத்திரங்களே மனிதச் செயல்களை நிருணயிக்கின்றன என்று அக்காலத்தில் பலர் கருதினர். அதனை மறுத்த ஒரிஜென், ஒரு செயலைக் கடவுள் அறிந்திருப்பது அச்செயலுக்குக் காரணமாகாது என்றார்; நிகழப்போவது என்பதனாலேயே அவர் அதனை அறிந்திருக்கிறார். எகிப்திய மன்னன் பார்வோனின் இதயத்தைக் கடவுள் கடினப்படுத்தினார் என்னும் பழைய ஏற்பாட்டுக் கூற்றுக்கு அவர் தந்த உவமை பெயர்பெற்றது. ஒரே வெயில் மெழுகை உருக்குகிறது, களிமண்ணை இறுகச் செய்கிறது. வேறுபாடு வெயிலில் இல்லை, அதனை ஏற்கும் பொருளில் உள்ளது.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில், ஏறத்தாழ கி.பி. 200இல், தெர்த்துல்லியன் இம்மன்றாட்டுக்கு இலத்தீன் மொழியில் உரை எழுதினார். கிரேக்க மூலத்திலுள்ள வினைச்சொல் 'உள்ளே கொண்டுசெல்லுதல்' என்னும் பொருளுடையது. எங்களைச் சோதனைக்குள் கொண்டுசெல்லாதேயும் என்பதே அதன் நேர்ப்பொருள். இது கடவுளே சோதனைக்குள் கொண்டுசெல்பவர் என்னும் எண்ணத்தைத் தோற்றுவிக்கும் என்று கண்ட தெர்த்துல்லியன், சோதிப்பவனால் நாங்கள் கொண்டுசெல்லப்பட விடாதேயும் என்பதே இதன் கருத்து என விளக்கினார். அரை நூற்றாண்டு கழித்து அதே நகரின் ஆயராகிய சிப்ரியான், அவ்விளக்கத்தை மன்றாட்டின் வாசகமாகவே எடுத்தாண்டார். பலர் இவ்வாறே மன்றாடுகின்றனர் என்று பின்னர் அகுஸ்தினாரும் பதிவு செய்தார்.

'கொண்டுசெல்லாதேயும்', 'விட்டுவிடாதேயும்' என்னும் இவ்விரு வினைகளுக்கும் இடையிலான தொலைவே பின்வந்த விவாதங்கள் அனைத்திற்கும் களமாயிற்று.

அகுஸ்தினாரும் பெலாஜியுசும்

அகுஸ்தினார் (354–430) விருப்புரிமையைப் பற்றி எழுதிய இளமைக்கால நூல் உரையாடல் வடிவில் அமைந்தது. கடவுள் முன்னறிந்த செயல் நிகழ்ந்தே தீருமாதலால் மனிதனுக்கு உரிமை இல்லையே என்று உடனுரையாடுபவர் வினவுகிறார். அகுஸ்தினார் நினைவாற்றலை எடுத்துக்காட்டுகிறார். கடந்ததை நாம் நினைவுகூர்வதால் அது நிகழ்ந்துவிடவில்லை. அதுபோலவே வருவதைக் கடவுள் அறிந்திருப்பது அதனை நிகழுமாறு நெருக்குவதில்லை. மேலும், மனிதன் தன் விருப்பத்தால் செய்வான் என்பதையே கடவுள் முன்னறிகிறார். ஆதலின் அவரது அறிவு அவ்விருப்பத்தை அழிக்காமல் உறுதிசெய்கிறது.

இவ்விடையோடு வழக்கு முடிந்திருக்கலாம், முடியவில்லை. பிரிட்டனிலிருந்து உரோமுக்கு வந்த துறவியான பெலாஜியுஸ், மனிதர் தம் சோம்பலுக்கு இயல்பின் பலவீனத்தைச் சாக்காகக் கூறுவதை வெறுத்தார். கட்டளை இடப்பட்டதெனில் அதனை நிறைவேற்றும் ஆற்றலும் மனிதனுக்கு உண்டு என்பது அவரது நிலை. கடவுள் கட்டளையிடுவதைச் செய்யும் ஆற்றலையும் அவரே தரவேண்டும் என்று அகுஸ்தினார் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் வேண்டியிருந்தார். அதனைக் கேட்ட பெலாஜியுஸ் சினமுற்றார் என்று அகுஸ்தினாரே எழுதியுள்ளார்.

இங்கு விவாதத்தின் பொருள் மாறுவதைக் காண்கிறோம். கடவுள் முன்னறிகிறார் என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை. சோதனையின்போது மனிதன் தன் ஆற்றலாலேயே நிற்க முடியுமா, அன்றி அருள் அவனுக்கு உள்ளிருந்து துணை செய்ய வேண்டுமா என்பதே வேறுபாடு. பெலாஜியுசின் கருத்தை 418ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர் மன்றம் மறுத்தது. அகுஸ்தினார் தம் முதுமையில் மேலும் ஒருபடி சென்றார். மனிதன் இறுதிவரை உறுதியாய் நிற்பதும் கடவுளின் கொடையே என்று வாதிட்ட அவர், அதற்குச் சான்றாகச் சிப்ரியான் இம்மன்றாட்டுக்கு எழுதிய உரையையே எடுத்துக்கொண்டார். நிற்பது நம் ஆற்றலில் இருப்பின் அதனைக் கடவுளிடம் வேண்டுவது ஏன் என்பது அவரது கேள்வி. பேதுருவுக்காக இயேசு மன்றாடியது, பேதுருவின் விருப்பம் முழு உரிமையும் முழு உறுதியும் உடையதாய் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே என்றார். அருள் விருப்பத்தை அகற்றுவதில்லை, அதற்கு வலுவூட்டுகிறது என்பது இதன் கருத்து.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியது. பேதுருவுக்குக் கிடைத்த துணை யூதாசுக்கு ஏன் கிடைக்கவில்லை? 529ஆம் ஆண்டில் தென்பிரான்சின் ஒராஞ்சில் கூடிய மன்றம், அருளின் முதன்மையை ஏற்றுக்கொண்டது. அதே வேளையில், கடவுள் எவரையும் தீமைக்கென முன்குறித்தார் என்பதை வன்மையாக மறுத்தது. ஆனால் மேற்கண்ட கேள்விக்கு அது விடை கூறவில்லை.

காலத்திற்கு அப்பால்

ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் அரசியல் குற்றச்சாட்டின்பேரில் சிறைப்பட்டு மரண தண்டனைக்குக் காத்திருந்த போயத்தியுஸ், முன்னறிவு என்னும் சொல்லையே கேள்விக்குள்ளாக்கினார். முன், பின் என்பன காலத்திற்குள் வாழ்வோருக்கே உரியன. கடவுளோ காலம் முழுவதையும் ஒருங்கே நிகழ்காலமாய்க் காண்பவர். ஒருவன் நடப்பதையும் கதிரவன் எழுவதையும் நாம் ஒரே நேரத்தில் காணலாம். கதிரவன் எழுவது இயற்கை நியதி. மனிதன் நடப்பது அவன் விருப்பம். நம் பார்வை அவ்விரண்டின் இயல்பையும் மாற்றுவதில்லை. கடவுளின் பார்வையும் அத்தகையதே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதனை எளிதாக்கினார். வழியில் நடப்பவன் தனக்குப் பின்னே வருவோரைக் காணான்; குன்றின்மீது நிற்பவனோ வழி முழுவதையும் ஒரே பார்வையில் காண்கிறான்.

முன்னறிவைப் பொறுத்தவரை இது செம்மையான விடை. ஆனால் குன்றின்மீது நிற்பவன் காண்பவன் மட்டுமே. கடவுளோ காண்பவர் மட்டுமல்லர், துணைசெய்பவரும் ஆவார் என்பது கிறித்தவ நம்பிக்கை. வீழப்போகிறவனைக் கண்டும் அவர் தடுக்காதது ஏன் என்னும் கேள்வியை இவ்வுவமை தொடவில்லை.

பதினாறாம் நூற்றாண்டின் பிளவுகள்

1524இல் எராஸ்மஸ் விருப்புரிமையை ஆதரித்து நூலெழுதினார். மனிதனால் தெரிவுசெய்ய இயலாதெனில் மறைநூலிலுள்ள கட்டளைகளும் எச்சரிக்கைகளும் பொருளற்றவையாகும் என்பது அவரது வாதம். அடுத்த ஆண்டில் மார்ட்டின் லூதர் அடிமைப்பட்ட விருப்பத்தைப் பற்றி மறுமொழி எழுதினார். கட்டளை, மனிதன் செய்ய வேண்டியதைக் காட்டுகிறதேயன்றி அவனால் இயல்வதைக் காட்டவில்லை என்றார். யூதாஸ் தன் விருப்பத்தோடுதான் காட்டிக்கொடுத்தான், எவரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அவன் அவ்வாறு விரும்புவது தவிர்க்க முடியாததாயிருந்தது என்று, கட்டாயத்தையும் தவிர்க்கவியலாமையையும் அவர் வேறுபடுத்தினார். இத்துணைக் கடுமையான நிலைகொண்ட லூதரே, 1529இல் எளிய மக்களுக்காக எழுதிய சிறு மறைக்கல்வி நூலில் இம்மன்றாட்டை விளக்கும்போது, கடவுள் எவரையும் தீமைக்குத் தூண்டுவதில்லை என்றே தொடங்குகிறார்.

கால்வினைப் பின்பற்றிய சீர்திருத்தச் சபைகளிலும் பிளவு தோன்றியது. மனிதர் நம்பிக்கை கொள்வர் என்பதை முன்னறிந்தே கடவுள் அவர்களைத் தெரிந்துகொண்டார் என்றும், அருளை மனிதன் மறுக்கவும் கூடும் என்றும் அர்மீனியுசின் ஆதரவாளர்கள் 1610இல் அறிக்கை வெளியிட்டனர். 1618–1619இல் டோர்ட் நகரில் கூடிய மன்றம் அதனை நிராகரித்தது.

கத்தோலிக்கத் திருச்சபையில் இயேசு சபையைச் சேர்ந்த லூயிஸ் டி மொலினா 1588இல் புதியதொரு கருத்தை முன்வைத்தார். எந்தெந்தச் சூழலில் எந்தெந்த மனிதன் தன் விருப்பத்தால் என்ன செய்வான் என்பதைக் கடவுள் படைப்புக்கு முன்பே அறிவார். அவ்வறிவைக் கொண்டே உலகை நடத்துகிறார். முற்றத்தில் அப்பணிப்பெண் வினவும் சூழலில் பேதுரு என்ன செய்வார் என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் செய்பவர் பேதுருவே. தொமினிக்கன் சபையின் டொமிங்கோ பான்யெஸ் இதனை எதிர்த்தார். இவ்வாறு கூறினால் அருளின் பயன் மனிதனின் இசைவைச் சார்ந்ததாகிவிடும் என்பது அவரது மறுப்பு. உரோமில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் விசாரணை நடந்தது. 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எத்தரப்பையும் கண்டிக்காமல், ஒருவரையொருவர் திரிபுக்கொள்கையினர் என்று பழிக்கலாகாது எனக் கூறி அதனை முடித்துவைத்தார். வழங்கப்படும் என்ற இறுதித் தீர்ப்பு பின்னர் வழங்கப்படவே இல்லை. இவ்விசாரணை, அருளின் துணையைப் பற்றியது என்னும் பொருள்படும் இலத்தீன் பெயராலேயே வரலாற்றில் வழங்குகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழில் இரு வினைகள்

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கின் உழைப்பால் 1715இல் புதிய ஏற்பாடு முழுமையும் தமிழில் அச்சேறியது. அதன்பின் வந்த மொழிபெயர்ப்புகளில், ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த பதிப்பே சீர்திருத்தச் சபையினரிடையே நிலைத்தது. அதில் இம்மன்றாட்டின் வினை 'உட்படப்பண்ணாமல்' என அமைந்துள்ளது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அது 'உட்படுத்தாதேயும்' என்றுள்ளது. இவ்விரண்டும் பிறவினைகள், உட்படச் செய்பவராகக் கடவுளைக் கொண்டவை. கிரேக்க மூலத்திற்கு அணுக்கமானவையும் இவையே.

கத்தோலிக்கர் தலைமுறைகளாக வாய்மொழியில் சொல்லிவரும் வடிவத்தில் 'விழவிடாதேயும்' என்னும் வினை வழங்குகிறது. இங்கு 'விழு' என்னும் தன்வினை மனிதனுக்கு உரியது. 'விடு' என்னும் துணைவினை இசைவைக் குறிக்கிறது. வீழ்பவன் மனிதன், வீழாமல் காக்க வல்லவர் கடவுள். மேலும், சோதனை வருவதை இவ்வடிவம் மறுக்கவில்லை. அதில் வீழ்வதையே தவிர்க்க வேண்டுகிறது. சோதிக்கப்படுவது வேறு, சோதனையில் அகப்படுவது வேறு என்று அகுஸ்தினார் செய்த பாகுபாடும், தெர்த்துல்லியன் தந்த விளக்கமும் இத்தமிழ் வினையில் ஒருங்கே அமைந்துள்ளன.

மற்றொரு சொற்றெரிவும் கருதத்தக்கது. பவுலின் உரோமையர் திருமுகத்தைப் பெயர்த்த 1871ஆம் ஆண்டுப் பதிப்பில் 'முன்னறிதல்', 'முன்குறித்தல்' என்னும் வினைகள் வருகின்றன. 'விதி', 'ஊழ்' ஆகியன வரவில்லை. ஊழ் என்பது வினைப்பயன் வந்தடையும் நியதி. அதற்கு முகம் இல்லை, அதனிடம் மன்றாட இயலாது. முன்குறித்தல் என்பதோ ஒருவர் செய்வது. அவரிடம் வேண்டலாம், முறையிடலாம். திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்து இரண்டையும் போற்றியது. கிறித்தவ மரபு தன் சிக்கலை மன்றாட்டின்வழி எதிர்கொண்டது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளாமல், எங்கு வேறுபடுகின்றன என்று காண்பதே ஒப்பாய்வுக்கு அழகு.

இக்காலத்தும் தொடரும் வழக்கு

இது பழங்கதையாகிவிடவில்லை. 2017 டிசம்பர் முதல் பிரான்சின் கத்தோலிக்கர், சோதனைக்கு உட்படுத்தாதேயும் என்னும் பொருளுடைய பழைய வாசகத்தைக் கைவிட்டு, சோதனைக்குள் செல்ல விடாதேயும் என்னும் வாசகத்தை ஏற்றனர். அதே மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ், வீழ்பவன் நானே, என்னைச் சோதனைக்குள் தள்ளுபவர் கடவுள் அல்லர், தந்தை அவ்வாறு செய்யமாட்டார் என்று ஒரு தொலைக்காட்சி உரையாடலில் கருத்துரைத்தார். 2020இல் இத்தாலியத் திருப்பலி நூலும் மாற்றம் பெற்றது. செருமானிய ஆயர்களோ மூலத்திற்கு அணுக்கமான பழைய வாசகமே நிலைக்கட்டும் என முடிவு செய்தனர். தமிழ்க் கத்தோலிக்கரின் நாவில் 'விழவிடாதேயும்' முன்னமே இருந்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

எது சரி? மூலத்தின் வினை 'கொண்டுசெல்லுதல்' என்பதே. 'விடுதல்' விளக்கம், மிகப் பழைமையான, மதிக்கத்தக்க விளக்கம். விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் மூலத்தின் கூர்மை மழுங்கும். மூலத்தை மட்டும் வைத்துக்கொண்டால் கடவுளே தூண்டுகிறார் என்னும் தவறான எண்ணம் வளரும். ஆகவே மாணவர்க்கு இரண்டையும் அருகருகே வைத்துக் கற்பித்தல் நன்று. தன்வினை, பிறவினை, துணைவினை ஆகிய இலக்கணப் பாடங்கள் ஒரு சமயக் கொள்கையின் வரலாற்றையே திறந்துகாட்ட வல்லவை என்பதை அவர்கள் நேரில் உணர்வர்.

இவ்வரலாற்றில் தரப்பினர் பலர், முடிவுகளும் பல. ஆயினும் இரண்டை அவர்களுள் எவரும் கைவிடவில்லை. கடவுள் தீமைக்குத் தூண்டுபவர் அல்லர் என்பது ஒன்று. தவறு செய்த மனிதன் அதற்குப் பொறுப்பாளன் என்பது மற்றொன்று. முன்னறிவைப் பற்றி ஒரிஜெனும் அகுஸ்தினாரும் போயத்தியுசும் தந்த விடைகளை ஏற்றுக்கொண்ட பின்னரும் அவர்கள் முரண்பட்டது, ஒருவன் நிற்பதற்கும் மற்றொருவன் வீழ்வதற்கும் காரணம் யாது என்பதில்தான். அதற்கு எம்மன்றமும் எல்லாரும் ஏற்கும் விடை தரவில்லை. லூதரின் வழிவந்தோரும் மொலினாவின் வழிவந்தோரும் தத்தம் கோவில்களில் அதே மன்றாட்டைத் தொடர்ந்து சொல்லி வந்தனர். நிற்பதற்குத் துணை வேண்டும், அதனைக் கேட்கலாம் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.